பல்லாவரம் சந்தையில் வாங்கிய காற்றுச் சட்டை

1

போன ஞாயிற்றுக்கிழமை முடிச்சூரிலிருந்து என் தம்பி வில்சன் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அவன் நண்பர் ஒருவர் கோவளம் கடலில் இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறாராம். தன்னிடம் இருக்கும் ஸ்கூபா காற்றுச் சட்டையை அவருக்கு இரவல் கொடுக்கப் போகிறானாம். கடைசியில் அவனுடைய வழக்கமான முத்திரை: “அவருக்கும் சொல்லிட்டேன்க்கா, எல்லாம் ஒண்ணுதான்னு.”

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. செய்தி வந்தபோது பூசணிக்காய் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டு மறுபடியும் கேட்டேன். போன வருடம் இதே சட்டை, இதே கடல், இதே வாய். அன்றைக்கு அதில் மாட்டியவள் என் மகள் ரூத்.

உடனே அவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். திட்டியதில் மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களும் படிக்கட்டும். ஊருக்கு வந்து சொந்தக்காரர்கள் முன்னால் சூரத்தனம் காட்டும் என் போன்ற வெளிநாட்டு ஜன்மங்களும் படிக்கட்டும்.

2

மேற்குத் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கடல் என்றால் எங்களுக்குச் சர்ச் பிக்னிக். முழங்கால் நனைய நிற்பது, பாவாடையைப் பிழிவது, சுண்டல் தின்பது, பஸ் ஏறுவது. நீச்சலையே பெர்த் வந்த பிறகு, நாற்பதைத் தாண்டி, நகராட்சிக் குளத்தில் வாண்டுகளோடு வாண்டாக நின்று கற்றுக்கொண்டேன்.

ஸ்கூபா, அதாவது சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தும் ஆசை, ரூத்துடையது. சின்ன வயதுக்காரர்கள் கடலுக்குள் இறங்க வேண்டுமென்றால் கூடவே பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் இறங்க வேண்டும் என்பது விதி. என் கணவர் சாமுவேலைக் கேட்டோம். “மீன் வேணும்னா கடையில கிடைக்குதே” என்றார். கடலைப் பற்றி அவருடைய மொத்தத் தத்துவமும் அதுதான். ஆகவே நான் சேர்ந்தேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு முன்னாள் பிளம்பர். முதல் வகுப்பில் தண்ணீருக்கடியில் என்னைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று சைகையால் கேட்டார். தாம்பரத்துக்காரி என்ன செய்வாள்? சூப்பர் என்று கட்டைவிரலைத் தூக்கினேன். மனிதர் என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுபடி இறங்கினோம், மறுபடி கேட்டார், மறுபடி கட்டைவிரல், மறுபடி மேலே. கடலுக்கடியில் கட்டைவிரலைத் தூக்கினால் ‘மேலே போகணும்’ என்று பொருளாம். அதைச் சொன்னபோது ரூத் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவருடைய பேச்சு எல்லாம் இரண்டு வார்த்தை: சொல்லாதே, காட்டு. சிலிண்டரைத் திறந்துவிட்டேன் என்றால், காட்டு. வார் இறுக்கமாக இருக்கிறது என்றால், காட்டு. இறங்குவதற்கு முன் ஜோடியாகப் போகிறவர்கள் இருவரும் ஒருவர் உடம்பில் ஒருவர் கைவைத்து, ஒவ்வொரு வாரையும் இழுத்து, ஒவ்வொரு குழாயையும் அழுத்தி, வாயால் சொல்லிச் சொல்லிச் சோதிக்க வேண்டும். இங்கே இருப்பவர்கள் எல்லாம் மகான்கள் என்று சொல்ல வரவில்லை. சனிக்கிழமை காலையில் கார் டிக்கியைத் திறந்து கருவிகளைக் கடை விரித்துக்கொண்டு நிற்கும் ஆண்களைப் பார்க்க வேண்டுமே! தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தைவிட அதைப் பற்றி அளக்கும் நேரம் அதிகம். ஆனால் அந்த அலட்டல்காரனும் இறங்குமுன் கையைத் தூக்கிக்கொண்டு ஜோடியின் முன்னால் நின்று சோதனை கொடுக்கிறான்.

ரூத் வீட்டில் எப்படி என்று சொல்ல வேண்டுமா? அறைக் கதவு சாத்தியிருக்கும். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் பாதி. ஒரு நாள் முழுக்க என் முகத்தைப் பார்க்காமல் ஓட்டிவிடுவாள். ஆனால் தண்ணீருக்குள் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி என்னைப் பார்ப்பாள். அது விதி. ஜோடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த விதிக்காகவே குளிரிலும் நான் கடலில் இறங்கினேன்.

பள்ளி முடிந்து மெல்போர்னில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவள் கிளம்புவதற்கு முன் ஊருக்குப் போய், நம் கடலில் சேர்ந்து ஒருமுறை இறங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் விடுமுறைக்கு வந்தால் என்னோடு இறங்குவாள் என்றால் மகள் எனக்கு மிச்சம். இல்லையென்றால் பிறந்தநாளுக்கு ஒரு போன், கிறிஸ்துமஸுக்கு ஒரு போன்.

3

எங்கள் சொந்தக் காற்றுச் சட்டைகளைக் கொண்டுபோயிருக்கலாம். அது வெறும் சட்டை இல்லை. சிலிண்டரை முதுகில் தாங்குவது அதுதான். அதற்குள் காற்றை விட்டால் மேலே மிதக்கலாம், காற்றை வெளியேற்றினால் கீழே போகலாம். பழகிய சட்டை உடம்பின் ஓர் உறுப்பு மாதிரி.

அதை ஏன் கொண்டுபோகவில்லை? பெட்டியில் இடம் இல்லை. கீழ்க்கட்டளை சித்திக்கு மூட்டுவலி மாத்திரை, சித்தி மருமகளுக்கு முகக் கிரீம், வில்சன் வீட்டுக்கு, அவன் வேறு பெட்டியில் மாற்றி யார் யாருக்கோ கொடுக்கப்போகும் சாக்லேட், சர்ச்சில் பக்கத்து வரிசையில் உட்காரும் அம்மாவுக்கு ஒரு கைப்பை. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும் சாக்லேட். அதைச் சுமப்பதற்காக, உயிரைச் சுமக்கும் சட்டையைப் பெர்த்தில் மாட்டிவிட்டு விமானம் ஏறினோம். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு மூளையை எடை போட்டு ஏற்றினால் எங்கள் பெட்டிகளுக்கு எந்தக் கவுண்டரிலும் பிரச்சினையே வராது.

வில்சன் இருக்கிறானே, அவன் முடிச்சூர்ப் பெருவெள்ளத்தில் மாட்டிக்கொண்டு படகில் மீட்கப்பட்டவன். அன்றிலிருந்து தண்ணீர் சம்பந்தமாக எதைப் பேசினாலும் அவனிடம் ஒரு கருத்து உண்டு. மழை, ஏரி, போர்வெல், கடல், எல்லாவற்றுக்கும் அவனே அதிகாரி. நாங்கள் ஸ்கூபா பழகுகிறோம் என்று கேள்விப்பட்ட நாளிலேயே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், பழைய மிக்ஸிக்கும் உடைந்த சைக்கிளுக்கும் நடுவில் கிடந்த ஒரு காற்றுச் சட்டையைப் பேரம் பேசி வாங்கி வைத்திருந்தான். யாரோ வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனதாம். அசல் சரக்காம். அவன் அதைப் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்து காட்டியபோது குடும்பமே கைதட்டியது. ஹாலில் மிதந்தானா மூழ்கினானா என்று யாரும் கேட்கவில்லை.

4

கோவளம் கடற்கரைக்குக் குடும்பம் முழுக்க வந்திருந்தது. எலுமிச்சைச் சாதம், மடக்கு நாற்காலி, குடை. எங்களைக் கடலுக்குள் அனுப்பி வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.

சிலிண்டர்களை வாடகைக்குக் கொடுத்த கடையிலிருந்து வழிகாட்டி ஒருவர் வந்தார். பெரிய மீசை. எதைச் சொன்னாலும் ஓகே மேடம் என்பார். கடையில் ஒரு சட்டை குறைகிறது என்றார். அது ஓகே. எங்களுக்குப் பயிற்சி உண்டா என்று அவர் கேட்க வாயெடுத்தபோது வில்சன் முந்திக்கொண்டு, இரண்டு பேரும் ஆஸ்திரேலியா டைவர்ஸ் என்றான். அதுவும் ஓகே. குறைந்த சட்டைக்குத் தன்னுடையதை நீட்டினான். ரூத்துக்கு அளவு சரியாக இருந்தது. அது டபுள் ஓகே.

வில்சனும் எங்களோடு ஏறிக்கொண்ட படகு செல்வத்துடையது. அந்தக் குப்பத்துக்காரர். ஆள் கலகலப்பு. நாங்கள் உடுத்திக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: “உள்ள போயி இன்னா பாக்கப் போறீங்க? நாங்க வலைய போட்டாக்கா அதுங்களே மேல வந்துனு கீது. நீங்க ஏன் பேஜார் பண்ணிக்கினு?”

சாமுவேல் எங்களோடு ஊருக்கு வந்திருந்தால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பார்.

வழக்கமான சட்டையில் இடது தோளுக்கு மேலாக ஒரு குழாய் தொங்கும். காற்றைக் குறைக்க அந்தக் குழாயைத் தூக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். வில்சனின் சட்டையில் குழாயே இல்லை. இடுப்புக்கு இடது பக்கம், மேலும் கீழும் அசையும் சின்னக் கைப்பிடி மாதிரி ஒரு நெம்பி மட்டும் இருந்தது. ரூத் அதைத் தொட்டு, “இது என்ன மாமா?” என்றாள்.

“அதான் பொத்தான் மாதிரி. எல்லாம் ஒண்ணுதான்.”

நான் எழுந்து போய் வழக்கம்போல் அவள் வார்களை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அந்த நெம்பியைத் தூக்கினால் என்ன, அழுத்தினால் என்ன என்று பார்க்கக் கையை வைத்தேன். வில்சன் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

“என்னக்கா, தம்பி குடுத்ததை இப்படிப் பிரிச்சுப் பாக்குற? என்மேல நம்பிக்கை இல்லியா?”

நம் வீடுகளில் இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. சொந்தக்காரர் கொடுத்ததைக் கொடுத்தவர் முன்னால் புரட்டிப் பார்ப்பது, அவர் முகத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். சேலையில் கிழிசல் இருந்தால்கூட வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் படியிறங்கிய பிறகு பார்ப்போம். அந்த வளர்ப்பு படகில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. கையை எடுத்துவிட்டேன். ரூத் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

5

கடல் அன்று தெளிவாக இருந்தது. மேலே மிதந்தபடி ரூத் நெம்பியை இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்து, அழுத்தினால் காற்று போகிறது என்று கண்டுகொண்டாள். கட்டைவிரலைக் கீழே காட்டினாள். இறங்கினோம்.

அடியில் பாறைகள். மஞ்சள் வரி மீன்கள் கூட்டம் கூட்டமாகப் போயின. மீசைக்காரர் முன்னால் நீந்தினார். ரூத் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். நம் ஊர்த் தண்ணீருக்குள் என் மகள் என்னைப் பார்க்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு பாறை மேடாக ஏறியது. அதை ஒட்டிக் கொஞ்சம் உயர்ந்தோம். உயர்ந்தால் சட்டைக்குள் இருக்கும் காற்று விரியும், இன்னும் மேலே இழுக்கும். உடனே கொஞ்சம் வெளியேற்ற வேண்டும். ரூத்தின் இடது கை தோளுக்குப் போனது. அங்கே குழாய் இல்லை. தடவியது. இல்லை. கை இடுப்புக்கு வந்து நெம்பியைப் பிடித்தது. பிடித்ததும், இத்தனை வருடம் பழகியபடி, தூக்கியது.

அந்தச் சட்டையில் தூக்கினால் காற்று நிரம்பும்.

அவள் மேலே போனாள். போகப் போக இன்னும் தூக்கினாள். நான் பாய்ந்து அவள் காலைப் பிடித்தேன். அவள் காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பு என் விரலில் பட்டு நழுவியது. அவ்வளவுதான். வெளிச்சத்துக்குள் போய்விட்டாள்.

மூச்சை அடக்கிக்கொண்டு அந்த வேகத்தில் மேலே போனால் நுரையீரல் கிழியும். அது எனக்குத் தெரியும். நானும் அவள் பின்னால் அப்படிப் பறக்கக் கூடாது என்பதும் தெரியும். நாம் விடும் குமிழிகளில் சின்னதைவிட வேகமாகப் போகக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை மேலே என்ன ஆனாள் என்று தெரியாமல், ஒரு குமிழியைப் பார்த்துக்கொண்டு அதன் பின்னால் போயிருக்கிறீர்களா? நான் போனேன். அந்தக் குமிழிக்கு ஓர் அவசரமும் இல்லை.

தலை வெளியே வந்தபோது செல்வம் படகிலிருந்து குனிந்து ரூத்தின் கழுத்துப் பக்கச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். அவள் மூக்கிலிருந்து ரத்தம். இருமினாள். இருமியது இனிமையாகக் கேட்டது.

“மூச்ச அடக்குனியா? ரூத், மூச்ச அடக்குனியா?”

“இல்ல. கத்திட்டே வந்தேன்.”

“என்னன்னு?”

“லூசு மாமான்னு.” மறுபடி இருமினாள். “மேல வர்ற வரைக்கும்.”

கத்தினால் காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கும். என் தம்பி அவளுக்குச் செய்த ஒரே உபகாரம், திட்டுவதற்கு இடம் கொடுத்தது.

6

குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண், இது விபத்துக் கேஸா, போலீஸுக்குச் சொல்ல வேண்டுமா, ஆதார் இருக்கிறதா என்று கேட்டாள். பாஸ்போர்ட்டை நீட்டினால், இதில் தமிழ்நாட்டு முகவரி இல்லையே என்றாள். நடந்தது கடலில் என்றேன். கடலில் எந்த ஏரியா என்றாள். கடைசியில் ‘வழுக்கி விழுந்தது’ என்று எழுதிக்கொண்டாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மூக்கில் சின்ன ரத்தக்குழாய் உடைந்ததுதான் என்றார். கடவுளுக்கு ஸ்தோத்திரம்.

வில்சன் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். பிள்ளை பதறிவிட்டாளாம். பதறாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம். சட்டை மேல் குற்றம் இல்லையாம். அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு நீ எத்தனை முறை இறங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். சிக்னல் வந்துவிட்டது, பச்சை விழட்டும் என்றான். பச்சை விழுந்த பிறகும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ரூத் என்னிடம் பேசினாள். நான் கேட்டிராத அளவுக்குத் தமிழில்.

“மாமாவ விடு. அவர் அப்படித்தான். நீ ஏன்மா கைய எடுத்த?”

நான் அவள் தலையணையைச் சரிசெய்யப் போனேன்.

“அவர் மூஞ்சி வாடும்னு எடுத்த. எனக்குத் தெரியும். இனிமே உன்கூட இறங்க மாட்டேன்.”

சத்தம் போடவில்லை, அழவில்லை. பெர்த்தில் கதவைச் சாத்துவது போலச் சொன்னாள்.

7

மறுநாள் நான் அந்தச் சட்டையையும் வாடகைக்கு வாங்கிய ஒரு சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு வில்சன் குடியிருக்கும் அடுக்ககத்தின் நீச்சல் குளத்துக்குப் போனேன். வயல்களை மூடிக் கட்டிய கட்டடம். வெள்ளத்தில் தானாகக் குளமான இடத்தில் காசு போட்டு ஒரு குளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். சங்கச் செயலாளர் வந்துவிட்டார்.

“மேடம், பூல்ல சிலிண்டர் அலவ்ட் கிடையாது.”

“எந்த ரூல்ல சார் இருக்கு?”

“தின்பண்டம், பாட்டில், இதர பொருள்னு போர்டுல போட்டிருக்கோம். இது இதர பொருள்.”

“உள்ள இருக்கிறது வெறும் காத்து சார்.”

“வெடிச்சா யார் பொறுப்பு?”

காற்று வெடிப்பதைப் பற்றி அவர் எனக்கு வகுப்பெடுத்தார். அதற்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ‘கேஸ் சிலிண்டருடன் குளத்தில் பெண்’ என்று செய்தி போய்விட்டது. பால்கனிகள் நிறைந்தன. வில்சன் விண்ணப்பம் எழுத வேண்டும், என் பாஸ்போர்ட் நகல் இணைக்க வேண்டும், குளத்தைச் சுத்தம் செய்யும் நேரத்தில் மட்டும் இறங்கலாம் என்று தீர்ப்பானது. அந்த அறிவிப்புப் பலகையில் தண்ணீரின் ஆழம் எழுதப்படவில்லை. அதைச் சொன்னேன். அது இதர விஷயம் என்றார்.

இறங்கினேன். காற்றை விடு என்று எனக்கு நானே கட்டளை போட்டேன். என் கை தோளுக்குப் போனது. தடவியது. இடுப்புக்கு வந்து நெம்பியைத் தூக்கியது. மேலே வந்து மிதந்தேன். மறுபடி. மறுபடி தூக்கினேன். மகள் ரத்தத்தோடு படகில் தொங்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். எது மேல், எது கீழ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மண்டைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒண்ணுதான் என்று சொல்கிறவனைப் பிடித்து இந்தத் தண்ணீரில் போட வேண்டும்.

அடுத்தடுத்த நாட்களும் போனேன். பால்கனிக் கூட்டம் சலித்துப்போய்க் கலைந்தது. ஒரு நாள் மாடியிலிருந்து ஒரு குரல்: “தப்பு!”

நிமிர்ந்து பார்த்தேன். ரூத். இன்னொரு முறை செய்தேன். “மறுபடி தப்பு,” என்றாள். கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கி வந்து குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டாள்.

“கண்ண மூடு. நான் உன் தோள்ல ஒரு தட்டு தட்டினா காத்து விடு. ரெண்டு தட்டுனா நிரப்பு.”

ஒரு தட்டு. தோளுக்குக் கிளம்பிய கையைப் பாதியில் மடக்கி, இடுப்புக்குக் கொண்டுவந்து அழுத்தினேன். மூழ்கினேன். அதற்குப் பின் அவள் விடவில்லை. தண்ணீரில் என் விரல்கள் சுருங்கிப்போகும்வரை தட்டினாள். மகள் கையால் இத்தனை அடி வாங்கிச் சந்தோஷப்பட்ட தாய் நானாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் என்னோடு வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

8

ஊரைவிட்டுக் கிளம்பச் சில நாட்கள் இருக்கும்போதே மறுபடி கோவளம். இந்தத் தடவை எலுமிச்சைச் சாதம் வேண்டாம், கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வில்சன் மட்டும் விடாப்பிடியாக வந்தான். சந்தைச் சட்டையை நான் மாட்டிக்கொண்டேன். ரூத் படகில் ஏறும்வரை எனக்கு நிச்சயம் இல்லை. ஏறினாள். கடைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டினாள். செல்வம் என்னைப் பார்த்து, “மறுக்கா வந்துட்டீங்களா? வுடமாட்டீங்களே,” என்றார்.

முதலில் ரூத் என்னைச் சோதித்தாள். வார்களை இழுத்தாள். வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு மூன்று முறை மூச்சை இழுக்கச் சொன்னாள். “காத்து விடு, காட்டு,” என்றாள். நெம்பியை அழுத்தினேன். “நிரப்பு.” தூக்கினேன். மீசைக்காரர் ஓகே என்றார். “உங்கள கேக்கல சார்,” என்றாள்.

வில்சனுக்குப் பொறுக்கவில்லை. பாசத்தோடு இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினான்.

“அப்படின்னா மேல போகணும்னு அர்த்தம் மாமா,” என்றாள் ரூத். “நாங்க இன்னும் கீழயே போகல.”

பிறகு அவள் என் முன்னால் வந்து நின்றாள். படகு ஆடியது. காலை அகட்டி வைத்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கினாள்.

நான் தோள் வாரில் ஆரம்பித்தேன். இழுத்தேன். மார்பு வார். இடுப்பு வார். குழாயை மேலிருந்து கீழ்வரை தடவினேன். பொத்தானை அழுத்தினேன். அவளைத் திரும்பச் சொல்லிச் சிலிண்டர் திருகைத் திறந்து பார்த்தேன். சிலிண்டரைக் கட்டியிருந்த பட்டையை உலுக்கினேன். மூழ்குவதற்காகச் செருகியிருந்த எடைக்கட்டிகள் கழல்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மாட்டினேன்.

“அக்கா, வெயில் ஏறுது,” என்றான் வில்சன். “கடைக்காரர் குடுத்ததுக்கா. அவர் முன்னாடியே இப்படி...”

மீசைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். அவர் முகம் வாடியிருந்தது. நன்றாகவே வாடியிருந்தது. நான் கையை எடுக்கவில்லை. முதலிலிருந்து இன்னொரு முறை ஆரம்பித்தேன்.

“போதுமாம்மா?” என்றாள் ரூத்.

“இன்னும் முடியல.”

“மெதுவா பாரு,” என்றாள், தூக்கிய கைகளை இறக்காமல்.